டெபியன் ஆள் சேர்த்த கதை



எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் அதில் டெபியன் லினக்ஸின் மிரர் ஒன்றை வைத்திருந்தார். அதாவது டெபியனில் உள்ள மென்பொருள்களின் நகல். விடுதி இணைய இணைப்பு ஆமையாக ஊர்ந்தாலும், எங்களுக்கு வேண்டியதை உள் நெட்வொர்க்கிலிருந்தே சட்டென்று இறக்கிக்கொள்வோம். அண்ணன் படிப்பை முடித்துக் கிளம்பினார். இரண்டே மாதத்தில் மிரர் நின்றுபோனது. ரூட் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. போன் போட்டு, "ஏண்ணா, யாருக்குமே சொல்லிக்கொடுக்காம போயிட்டீங்க?" என்று கேட்டேன். "நீங்க யாரும் கேக்கலையேடா" என்றார். "நீங்களும் வாங்கடான்னு கூப்பிடலையே" என்று வாய் வரை வந்தது. சீனியர் ஆயிற்றே, சொல்லவில்லை. :-)

அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு விடுதி மிரருக்கே இந்தக் கதி என்றால், சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இல்லாமல், உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்களை வைத்து 30 வருடங்களுக்கும் மேலாக டெபியன் எப்படி ஓடுகிறது? பழைய ஆட்கள் போகும்போது புதிய ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

முதலில், பொதி என்றால் என்ன?

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கெர்னல் மட்டும்தான். அதோடு உலாவி, எடிட்டர், எழுத்துருக்கள், பிரின்டர் மென்பொருள் என்று ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாதபடி கட்டித் தருவதை வழங்கல் என்கிறோம். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, ஆர்ச் எல்லாம் வழங்கல்கள். அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வருகிறது. ஆங்கிலத்தில் பேக்கேஜ்.

மென்பொருளை எழுதுபவர் ஒருவர், பொதியாகக் கட்டுபவர் பெரும்பாலும் வேறொருவர். இந்த இரண்டாவது ஆள்தான் பராமரிப்பாளர். இந்த மென்பொருள் ஓட வேறு எந்தெந்தப் பொதிகள் தேவை, எந்தக் கோப்பு எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும், உரிமம் சரியா என்றெல்லாம் பார்ப்பது அவர் வேலை. பயனர்கள் சொல்லும் வழுக்களைப் படித்து, தன்னால் முடிந்ததைச் சரிசெய்து, முடியாததை மென்பொருளை எழுதியவருக்கு அனுப்புவதும் அவர்தான். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இத்தனையும் முதலிலிருந்து! கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்தால் பாராட்டு சமையல்காரருக்கு, இலையில் உப்பு விட்டுப்போனால் திட்டு இவருக்கு.

ஒரு மாணவர் தொடங்கியது

1993 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அப்போது அவருக்கு 20 வயது. நம் வயதுதான்! காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். அந்த நேரத்தில் எஸ்எல்எஸ் என்ற வழங்கல் பிரபலமாக இருந்தது. அதில் வழுக்கள் ஏராளம், கவனிக்க ஆள் இல்லை. வழங்கல் ஒன்றைக் கட்டிக் காப்பது பெயர் வாங்கித் தராத, முடிவே இல்லாத வேலை, அதனால்தான் எல்லோரும் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது மர்டாக்கின் வாதம். டெபியன் அறிக்கை என்ற பெயரில் இதை எழுதியும் வைத்தார்.

அவர் கண்ட தீர்வு, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. ஒருவரே எல்லாவற்றையும் கட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு பொதி எடுத்துக்கொள்ளட்டும். எல்லாருக்கும் பொதுவான விதிகள் இருந்தால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே கட்டிய பொதிகளும் ஒன்றாக வேலை செய்யும். டிபிகேஜி என்ற கருவி, பொதுவான வழுப் பட்டியல், கொள்கைக் கையேடு எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தவைதான். அதாவது பொதி என்பதை வெறும் தொழில்நுட்ப ஏற்பாடாகப் பார்க்கக் கூடாது. அறிமுகமே இல்லாதவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் ஏற்பாடும் அதுதான்.

ஏற்பாடு பலித்தது. 1996 ஜூனில் வந்த டெபியன் 1.1இல் 474 பொதிகள். 1998 ஜூலையில் வந்த 2.0இல் 1500க்கும் மேல், டெவலப்பர்கள் 400க்கும் மேல். இரண்டே வருடத்தில் இப்படி ஒரு வளர்ச்சி!

கதவை மூடிய வருடம்

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் டெபியனில் சேருவது பெரிய காரியம் இல்லை. ஆர்வம் இருந்தால் போதும், அதிகம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் டெபியனில் டெவலப்பர் ஆகிவிட்டால் எந்தப் பொதியையும் ஏற்றும் அதிகாரம் கிடைத்துவிடும். அந்தப் பொதி உலகம் முழுக்க உள்ள கணினிகளில் ரூட் அதிகாரத்தோடு நிறுவப்படும். யோசித்துப் பாருங்கள், முகம் தெரியாத ஒருவருக்கு ஊரில் உள்ள எல்லா வீட்டுச் சாவியையும் கொடுப்பது போல!

விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றைப் பார்க்கிறவர்களும் தன்னார்வலர்கள்தான். தரம் குறைகிறது, டெபியனின் கொள்கையே தெரியாதவர்கள் வருகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. 1999இல் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

2000இல் மறுபடி திறந்தபோது வாசலில் ஒரு பரீட்சை காத்திருந்தது. முதலில், ஏற்கெனவே உள்ள டெவலப்பர் ஒருவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் டிஜிட்டல் சாவியில் அவர் கையொப்பம் வாங்க வேண்டும். உங்களுக்காகப் பரிந்துரைக்க ஒருவர் வேண்டும். பிறகு உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒருவர் டெபியனின் சமூக ஒப்பந்தம், நடைமுறைகள் பற்றியெல்லாம் மின்னஞ்சலில் கேள்விகள் கேட்பார். அதன்பின் தொழில்நுட்பத் திறமையைச் சோதிப்பார். எல்லாம் முடிந்த பிறகும் இன்னும் இரண்டு கட்டப் பார்வை. ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்கள் உண்டு.

இதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் பயம் நியாயமானது. நேரில் சந்திப்பது என்ற விதியால் ஒரு சங்கிலி உருவானது. நான் உன்னைப் பார்த்திருக்கிறேன், அவன் என்னைப் பார்த்திருக்கிறான் என்று கண்டம் விட்டுக் கண்டம் நீளும் சங்கிலி. ஆனால் பக்கத்து ஊரில்கூட ஒரு டெவலப்பர் இல்லாதவனுக்கு? அவனுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

இடைக்கால ஏற்பாடாக ஒரு பழக்கம் வலுப்பெற்றது. உறுப்பினர் அல்லாதவர் பொதியைக் கட்டி அனுப்பலாம். ஒரு டெவலப்பர் அதைச் சரிபார்த்து, தன் பொறுப்பில் ஏற்றுவார். இதை ஸ்பான்சர் செய்வது என்பார்கள். குரு சிஷ்ய முறை மாதிரிதான். இன்று வரை புதியவர்கள் பலர் டெபியனுக்குள் வருவது இந்த வழியில்தான்.

அநாதைகளும் தத்தெடுப்பும்

உள்ளே வருவது ஒரு பிரச்சினை என்றால், வந்தவர்கள் காணாமல் போவது இன்னொரு பிரச்சினை. கல்யாணம் ஆகும், வேலை மாறும், குழந்தை பிறக்கும், அல்லது வெறுமனே சலித்துப்போகும். யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பதில் வருவது குறையும், பிறகு நின்றுவிடும். பொதி மட்டும் அவர் பெயரில் அப்படியே கிடக்கும். வேறொருவர் தொடவும் தயங்குவார், ஏனென்றால் அது அவருடைய பொதி!

2003இல் டெபியன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்ட்டின் மிக்ல்மாயர் இதை ஒரு ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். தனி ஆட்களை நம்பியிருப்பது மென்பொருளின் தரத்தை எப்படிப் பாதிக்கிறது, தன்னார்வலர் செயல்படாமல் போனால் என்ன செய்வது என்று கட்டுரைகள் எழுதினார். டெபியனில் இதற்கென்றே ஒரு குழு உண்டு. பதில் சொல்லாத பராமரிப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவார்கள். காத்திருப்பார்கள். மறுபடி எழுதுவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அவருடைய பொதிகளை அநாதை என்று அறிவிப்பார்கள். ஆமாம், உண்மையிலேயே ஆர்ஃபன் என்பதுதான் அதற்கு டெபியன் வைத்திருக்கும் பெயர். அதை எடுத்துக்கொள்ள நினைப்பவர் தத்தெடுக்கும் எண்ணம் என்று அறிவிக்க வேண்டும். எனக்கு உதவி தேவை, என் பொதிக்கு வேறு ஆள் தேவை, இந்த மென்பொருளை யாராவது பொதியாக்குங்கள் என்பதற்கெல்லாம் தனித்தனி அறிவிப்பு வகைகள் உண்டு. எல்லாம் ஒரே பொதுப் பட்டியலில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எங்கள் விடுதியில் இல்லாமல் போனது இந்தப் பட்டியல்தான்! களைத்துப்போனவர் வெட்கப்படாமல் எனக்கு முடியவில்லை என்று சொல்வதற்கு ஒரு இடம். புதியவர் தயங்காமல் நான் செய்யட்டுமா என்று கேட்பதற்கு ஒரு இடம்.

கதவையும் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார்கள். 2004 மே மாதம் டெபியன் விமன் என்ற குழு தொடங்கியது. அப்போது டெபியனில் இருந்த பெண் டெவலப்பர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007இல் ஓட்டெடுப்பு நடத்தி, டெபியன் மெயின்டெய்னர் என்ற புதிய படியை உருவாக்கினார்கள். முழு அதிகாரம் கிடையாது, தனக்கு அனுமதிக்கப்பட்ட பொதிகளை மட்டும் ஏற்றலாம். எல்லா வீட்டுச் சாவிக்குப் பதில் ஒரு அறையின் சாவி. 2010இல் இன்னொரு ஓட்டெடுப்பு. பொதியே கட்டாமல், மொழிபெயர்ப்பு, ஆவணங்கள் போன்ற வேலைகளைச் செய்பவர்களையும் உறுப்பினராக ஏற்கலாம் என்று முடிவானது. ஒரு பொதியை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் குழுவாகப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் பரவியது. பெர்ல் நூலகங்களுக்கு ஒரு குழு, எழுத்துருக்களுக்கு ஒரு குழு என்று.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

டெபியன் வழி ஒன்றுதான் வழி என்று இல்லை. ரெட்ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் 2003இல் தொடங்கிய ஃபெடோராவில் முதலில் இரண்டு களஞ்சியங்கள் இருந்தன. கோர் என்பதைக் கம்பெனி ஊழியர்கள் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ட்ராஸ் வெளியாட்களுக்கு. 2007 மே 31 அன்று வந்த ஃபெடோரா 7இல் இந்தச் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

ஆர்ச் லினக்ஸ் இன்னொரு கோடிக்குப் போனது. அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கு வெளியே ஏயூஆர் என்ற பயனர் களஞ்சியம் இருக்கிறது. கணக்கு ஒன்று இருந்தால் யாரும் பொதி செய்முறையைப் போடலாம், அநாதைப் பொதியைத் தத்தெடுக்கலாம். இதனால் அங்கே கிடைக்காத மென்பொருளே இல்லை எனலாம். ஆனால் 2018 ஜூலையில் ஒருவர் அங்கே அநாதையாகக் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் பொதியைத் தத்தெடுத்து, அதில் தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டார். விரைவில் கண்டுபிடித்து நீக்கினார்கள். ஏயூஆர் பொதிகளை நீங்களே படித்துப் பார்த்து நிறுவுங்கள் என்று ஆர்ச் முன்பிருந்தே எச்சரித்துத்தான் வந்தது. நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

ஒரே ஒரு ஆள்

அப்படியானால் வாசலில் காவல் பலமாக இருந்தால் போதுமா? இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

முதலாவது 2008 மே 13. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு பயங்கரமான ஓட்டை இருப்பதாக அறிவித்தார்கள். 2006 செப்டம்பரில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைச் சரிசெய்வதற்காகச் சில வரிகளை நீக்கியிருந்தார்கள். நீக்குவதற்கு முன் மூல மென்பொருளின் அஞ்சல் குழுவில் கேட்டும் இருந்தார்கள். ஆனால் ஆபத்து அங்கேயும் யார் கண்ணிலும் படவில்லை. விளைவு, ரகசியச் சாவி உருவாக்கும்போது கலக்க வேண்டிய தற்செயல் எண்களில் ப்ராசஸ் எண் மட்டுமே மிச்சம். ஒவ்வொரு வகைச் சாவிக்கும் வெறும் 32,768 சாத்தியங்கள்தான்! டெபியனிலும் உபுண்டுவிலும் 20 மாதங்களாக உருவான சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டி வந்தது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தேர்வு எழுதி உள்ளே வந்த திறமைசாலிகள்தான். இரண்டாவது கண் ஒன்று நிதானமாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது 2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற சுருக்கல் மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. அதைப் பல வருடங்களாகக் கட்டிக் காத்தவர் லாஸ்ஸே கொலின் என்ற ஒரே ஒருவர். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களாக அனுப்பினார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று கொலினை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப்பார்த்தார். கடைசியில் உதவிக்கு வந்தவரிடம் பொறுப்பு போனது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. டெபியனில் புதிய பதிப்பைச் சேருங்கள் என்று கோரிக்கை வைக்கவும் ஒரு புதிய பெயர் வந்தது! சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்தும் விட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், தன் டெபியன் கணினியில் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. நிலையான பதிப்புக்குள் போகவில்லை. தப்பித்தோம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பார்த்தீர்களா, தெரியாதவர்களை நம்பக் கூடாது என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆள் நுழைந்தது திறந்த கதவு வழியாக அல்ல, ஒருவருடைய களைப்பின் வழியாக. கொலினுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று நல்ல மனிதர்கள் வருடக்கணக்கில் கூட இருந்திருந்தால், அந்த நெருக்குதலுக்கு இத்தனை பலம் இருந்திருக்காது. புதியவர்களைச் சேர்ப்பதும் பாதுகாப்பும் எதிரெதிர் என்று 1999இல் நினைத்தார்கள். போகப் போகப் பார்த்தால், ஆள் சேர்ப்பதே பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

கடைசியாக ஒரு கணக்கு

2002 ஜூலையில் வந்த டெபியன் 3.0இல் சுமார் 8500 பொதிகள், 900க்கும் மேற்பட்ட டெவலப்பர்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 69,830 பொதிகள். அங்கே ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள்? சுமார் ஆயிரம் பேர்தான்! கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, உறுப்பினர் அல்லாதவர்களும் நிறைய உதவுகிறார்கள், உண்மைதான். ஆனாலும் பொதிகள் எட்டு மடங்கு ஏறியபோது தோள்கள் அப்படி ஏறவில்லை.

இயன் மர்டாக் 2015 டிசம்பரில் இறந்துவிட்டார். டெபியனின் தலைமையை அவர் 1996லேயே புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு விலகியிருந்தார். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை என்பதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? டெபியனில் இருக்கும் லோஹித் தமிழ் எழுத்துருவும் ஒரு பொதிதான், அதையும் யாரோ கட்டித்தான் நம் திரைக்கு வருகிறது. வாசலும் முன்போல அவ்வளவு தூரத்தில் இல்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்களின் சிறு மாநாடு நடந்தது. அதே வருடம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது.

விடுதி மிரர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதே கம்ப்யூட்டரில் டெபியனை மறுபடி நிறுவி ஓட விட்டிருக்கிறோம். இந்த முறை செய்முறை முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் பொறுப்பாளர்கள் என்று என் பெயர், பக்கத்திலேயே இரண்டாம் ஆண்டு தம்பிகள் இருவர் பெயர். அவர்களாகக் கேட்கவில்லை. நான்தான் கதவைத் தட்டி, "வாங்கடா, சொல்லித் தர்றேன்" என்று கூப்பிட்டேன்.